முத்தாய்ப்புக்கு முன்

ஜித்தாவில் இருக்கும் அபூ கைரி அவர்களுக்கு, அலெப்போவிலிருந்து உங்கள் மனைவி பதீஆ ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் பிள்ளைகளும் இறைவன் அருளால் சுகம். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? கடையில் துணிக்கட்டுகளை நீங்களே தூக்காதீர்கள் என்று சொன்னால் கேட்கவா போகிறீர்கள்.

இந்தக் கடிதம் வருவதற்குள் மருந்துக்கடை இஹ்சான் தொலைபேசியில் உங்களைப் பிடித்திருப்பார். வெள்ளிக்கிழமை நம் வீட்டுப் பாட்டு மஜ்லிஸில் உங்கள் மனைவி மானத்தை வாங்கிவிட்டாள் என்று சொல்லியிருப்பார். உண்மைதான், வாங்கினேன். ஏன் வாங்கினேன் என்று என் வாயாலும் கேட்டுவிட்டு அப்புறம் கோபப்படுங்கள்.

முதலில் நதீர் விஷயம். ஹஜ்ஜுப் பெருநாள் லீவில் நீங்கள் இங்கே இருந்தபோதுதான் நம் மைஸூனைப் பெண் கேட்டு வந்தான். சோப்புப் பட்டறை சொந்தம், குடும்பம் நல்ல குடும்பம், பெண்ணுக்கும் அவன்மேல் ஆசை. உங்களுக்கும் அவனைப் பிடித்துத்தான் இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். 'வெள்ளிக்கிழமை அஸருக்கு அப்புறம் வா, ஹாஜ் தவ்ஃபீக் பாடுறார்' என்று கூப்பிட்டீர்கள். அந்தக் கிழவர் 'யா லைல்', ஓ இரவே என்று இழுத்து மேலே ஏறிக்கொண்டிருக்கிறார், முத்தாய்ப்பு இன்னும் வைக்கவில்லை, அறை முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது. விழுந்த பிறகு மெச்சிச் சொல்ல வேண்டியதை நதீர் பாதியிலேயே, "அல்லாஹ்!" என்று கத்திவிட்டான்.

கதவிடுக்கில் நானும் மைஸூனும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்து அவள் என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் போனபின் நீங்கள் சொன்னது, "முத்தாய்ப்பு எங்க வருதுன்னு தெரியாத காதுக்கு என் பொண்ணைக் குடுக்க மாட்டேன்." நான் கெஞ்சினேன். அவள் சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னீர்கள். இஹ்சானிடம் பையன் கேட்கக் கற்றுக்கொள்ளட்டும், நோன்புப் பெருநாளுக்கு வரும்போது உட்கார வைத்துப் பார்க்கிறேன், தேறினால் நிக்காஹ் என்றீர்கள். ரசனை என்பது பிறவியில் வராது, பழக்கினால் வரும் என்று ஒரு பிரசங்கமும் செய்துவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள்.

பழக்கியாயிற்று. இஹ்சான் சும்மா சொல்லக்கூடாது, மனிதர் பாடுபட்டார். வாரம் தவறாமல் மருந்துக்கடைப் பின்னறையில் ஒலிநாடாவைப் போட்டு, இங்கே 'ஆ' சொல்லு, இங்கே வாயை மூடு, இங்கே தலையை ஆட்டு என்று சொல்லிக்கொடுத்தார். நதீர் வண்டியில் எப்போதும் அலறிக்கொண்டிருக்குமே, அந்தக் கல்யாண மண்டபப் பாட்டு நாடாக்கள், அதையெல்லாம் பிடுங்கிக் குப்பையில் போட்டார். "அதெல்லாம் கழுதைங்க கேக்குறதுடா" என்றாராம். நதீரும் சரி மாமா, சரி மாமா என்று தலையாட்டினான். இப்போது தேறிவிட்டான். முத்தாய்ப்பு விழுந்த பிறகுதான் வாய் திறக்கிறான். உங்கள் பரீட்சையில் கட்டாயம் ஜெயிப்பான்.

ஆனால் மைஸூன் போன வாரம் மாதுளை உதிர்த்துக்கொண்டே என்ன சொன்னாள் தெரியுமா? "உம்மா, அவர் முன்ன மாதிரி இல்ல. இப்பல்லாம் நான் ஏதாவது சொன்னாக்கூட, எங்க சிரிக்கணும்னு என் மூஞ்சியப் பாத்துட்டுத்தான் சிரிக்கிறார். எனக்குப் பயமா இருக்கு." கல்யாணத்துக்கு ஏங்கின பெண் பயமாக இருக்கிறது என்கிறாள்.

அன்று ஏன் கத்தினாய் என்று அவனை யாராவது கேட்டீர்களா? நான் கேட்டேன். சோப்பு கொடுக்க வந்தவனை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னான், "இல்ல மாமி, பெரியவர் கழுத்து நரம்பெல்லாம் புடைச்சுக்கிட்டு வந்துச்சு. மூச்சு பத்தாம தவிக்கிற மாதிரி இருந்துச்சு. எங்க பட்டறையில தரையில ஊத்தி இறுகின சோப்புமேல வெட்டுப்பலகையை ஆளுங்க இழுக்கும்போது நாங்க கூட நின்னு கத்துவோம். இழுத்து முடிச்சப்புறம் கத்தி என்ன புண்ணியம்?" இவ்வளவுதான் அவன் செய்த குற்றம். இந்தக் காதுதான் மட்டமான காது என்று நீங்களும் உங்கள் கூட்டாளிகளும் தீர்ப்புச் சொன்னீர்கள்.

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் மஜ்லிஸ் நிற்கக்கூடாது என்பது உங்கள் உத்தரவு. காலையிலிருந்து வருகிறவர்களுக்காகச் சீமைமாதுளை போட்ட கறி உருண்டை, கிப்பே செய்து இடுப்பு ஒடிந்துபோய் உட்கார்ந்திருந்தேன். ஹாஜ் தவ்ஃபீக்குக்கு ஜலதோஷம். பாடாதீர்கள் என்று சொல்ல ஒருவருக்கும் மனமில்லை. மேலே ஏறினார். பாதியில் குரல் உடைந்தது. மறுபடி முயன்றார், மறுபடி உடைந்தது. ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. அத்தனை ரசிகர்களும் முத்தாய்ப்புக்காகக் காத்திருந்தார்கள்! நதீரைப் பார்த்தேன். அவன் வாய் திறக்கப் பார்த்தது. உடனே இஹ்சானின் கையைப் பார்த்தான். அந்தக் கை முழங்காலில் அசையாமல் இருந்தது. இவனும் வாயை மூடிக்கொண்டு தரையைப் பார்த்தான். கிழவர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. பெண்கள் உட்காரும் உள்ளறையிலிருந்து, "அல்லாஹ்!" என்று கத்தினேன். சன்னமாக இல்லை, தெருவுக்குக் கேட்கும்படி. பக்கத்தில் இருந்த இஹ்சானின் மனைவி என் தொடையில் கிள்ளிய இடம் இன்னும் கன்றிப்போய் இருக்கிறது. "பைத்தியமா உனக்கு? ஆம்பளைங்க இருக்காங்கடி!" என்றாள். இருக்கட்டுமே! கிழவர் தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தார். ஒரு வாய் தண்ணீர் குடித்தார். விட்ட இடத்திலிருந்து எடுத்து, கரகரத்த தொண்டையோடு பாடி முடித்தார். முத்தாய்ப்பு சரியாக விழுந்ததா என்று கேட்காதீர்கள். விழவில்லை என்றுதான் இஹ்சான் சொன்னார். போகும்போது ஹாஜ், "உள்ள இருக்கிற அம்மாவுக்கு என் ஸலாம் சொல்லுங்க" என்றார். நதீர் மட்டும் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னைக் கட்டிக்கொண்டு வந்த புதிதில், நான் முணுமுணுத்த பாட்டையெல்லாம் கேட்டு முகம் சுளித்தீர்கள். அதற்கப்புறம் கதவிடுக்கில் நின்று, முழங்காலில் தாளம் போடும் உங்கள் விரலைப் பார்த்தே நான் 'ஆ' சொல்லக் கற்றுக்கொண்டேன். உங்கள் விரல் விழுந்தால் என் 'ஆ' விழும். கைரியின் உம்மாவுக்கு என்ன ஞானம் என்று பெண்களெல்லாம் மெச்சினார்கள். நீங்களும் பெருமைப்பட்டீர்கள். என் ரசனை உயர்ந்ததா தாழ்ந்ததா எனக்குத் தெரியாது, அது என்னுடையதாக இல்லை. நான் பாடிய பாட்டு எதுவும் இப்போது எனக்கு நினைவில்லை. எனக்கு நடந்தது போகட்டும். அந்தப் பையனுக்கும் அதையே செய்கிறோமே என்றுதான் ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

நல்ல சங்கீதம் கெட்ட சங்கீதம் என்று ஒன்று இருக்கலாம், நான் மறுக்கவில்லை. ஹாஜ் பாடுவதும் அந்த மண்டபப் பாட்டும் ஒன்றா என்று கேட்டால் ஒன்றில்லை என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதை வைத்து மாப்பிள்ளையை எடை போடலாமா? நம் மகள் உடம்புக்கு முடியாமல் ஒருநாள் படுத்தால், அவள் எழுந்து நடந்தபின் மெச்சுகிறவன் வேண்டுமா, கூட நின்று தூக்குகிறவன் வேண்டுமா? பெண்ணைப் பெற்றவர் நீங்கள், சொல்லுங்கள்.

பெருநாளுக்கு வாருங்கள். பரீட்சை வைக்க வராதீர்கள், நிக்காஹ் நடத்த வாருங்கள். அவன் நாடாக்களை நானே அப்போதே மருந்துக்கடைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். கேட்டுப் பார்த்தேன், சகிக்கவில்லை. இருந்தாலும் திருப்பிக் கொடுக்கப்போகிறேன்.

நம் பையன் கைரி பரீட்சைக்குப் படிக்கிறான். மழை நன்றாகப் பெய்தது. கூடத்து ஓதம் சுவரில் ஏறுகிறது, ஆள் வைத்துப் பார்க்கிறேன். எனக்கும் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மருத்துவரிடம் இன்னும் போகவில்லை. பயப்படும்படி ஒன்றுமில்லை.

இறைவன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிம்மதியையும் தரட்டும். இத்தனை வருஷம் இந்த வீட்டை ஒற்றை ஆளாக இழுத்துக்கொண்டு வருகிறேன், அபூ கைரி. எல்லாம் முடிந்தபின் மெச்சலாம் என்று நீங்கள் காத்திருக்கிறீர்களோ என்னவோ. அதுவரை காத்திருக்க வேண்டாம். பாதியிலேயே ஒரு குரல் கொடுங்கள்.

இப்படிக்கு,
உள்ளறையிலிருந்து,
பதீஆ