நாருக்கு எண்ணெய் வைத்தேன்

செட்டியார்பட்டி,
ஆடி 20, செவ்வாய்.

அன்பு மகள் யோகேசுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தெம்பாக இருக்கிறோம், சாமி புண்ணியத்தில் ஒரு குறையும் இல்லை. உன் சுகத்தைக் கேட்கவே வேண்டியதில்லை, நேற்று போனில் நீ போட்ட கூச்சலில் அடுத்த வீட்டு ஜாஸ்மின் டீச்சர் ஓடிவந்து, என்னக்கா, பொண்ணுக்குக் கல்யாணம் கூடிருச்சா என்று கேட்டாள். அதைவிடப் பெரிசும்மா, நாரு ஒட்டிக்கிருச்சு என்றேன். அவளுக்கு என்ன விளங்கும், பேந்தப் பேந்த விழித்துவிட்டுப் போனாள்.

தேர் அன்றைக்குப் போனில் அழுகையும் சிரிப்புமாகப் பாதியைத்தான் சொன்னேன், மீதியையும் எழுதினால்தான் மனசு ஆறும். தை மாதம் நம் தோட்டத்து வாழை நாரை அப்பா கட்டி அனுப்பினார். அதை நீ உன் ஆராய்ச்சிக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு, வாயுவும் கரண்டும் விட்டு, பிளாஸ்மா என்று ஊதா வெளிச்சம் வரவைத்து வீடியோவில் காட்டினாய். அது நார் மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சைப் படியவைக்கும், அந்தப் பூச்சுதான் நாரையும் பிளாஸ்டிக்கையும் விடாமல் பிடித்துக்கொள்ளும் என்றாய். அப்போது நன்றாகத்தான் பிடித்தது. சித்திரையில் நீ இன்னொரு கட்டு கேட்டபோது அப்பா கண் காட்ட மதுரைக்குப் போயிருந்தார், கட்டியது நான். மடியில் போட்டுப் பார்த்தால் நீளநீளமாக, வறட்டு வறட்டென்று, வீடியோவில் பார்க்கிற உன் தலைமுடி மாதிரியே இருந்தது. என் கை சும்மா இருக்குமா? பிள்ளைக்குப் போகிற நார் இப்படியா போகணும் என்று நல்லெண்ணெயை உள்ளங்கையில் ஊற்றித் தேய்த்து, சீப்பால் வாரி, சடை போட்டு அனுப்பிவிட்டேன்.

ஆனி கடைசியில் நீ அழுதுகொண்டே பேசினாயே, பார்க்க மினுமினுன்னு நல்ல நாரும்மா, ஆனா பிளாஸ்டிக்லருந்து உருவிக்கிட்டு வருது, ஒரு தடவை ஒட்டி மறுதடவை ஒட்டாத பூச்சை எப்படி நம்புறதுங்காரு புரொபசர், மாசக் கடைசிக்குள்ள காரணம் சொல்லாட்டி மூணு வருச வேலையும் போச்சு என்று. நாரை யாரும் எதுவும் செய்தீர்களா என்று நீ கேட்டபோது அப்பா விறைப்பாக நின்று, ஒரு தூசி படலைத்தா, நான் சத்தியம் பண்ணுதேன் என்றார். நான் அடுப்படியில் நின்று வெறும் சட்டியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. படித்த பிள்ளைக்குத் தெரியாததா என்று ஒரு மனசு, எண்ணெய் நெற்றியில் ஸ்டிக்கர் பொட்டே நிற்காதே, பாவி என்று ஒரு மனசு.

தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் போனவள், பைபர் தண்ணீர்த் தொட்டி செய்கிற உன் மாமன் தங்கப்பாண்டியனைக் கூட்டத்தில் பிடித்துவிட்டேன். தேர் அன்னைக்கா, அக்கா, பட்டறை ஷட்டரத் தொறக்கச் சொல்லுத என்று முனகினான். தொறடா, உன் மருமவ படிப்பு போகுது என்று இழுத்துக்கொண்டு போனேன். பையில் கொண்டுபோயிருந்த நம் நாரில் எண்ணெய் வைத்த சடை ஒன்று, வைக்காதது ஒன்று, இரண்டின் நுனியிலும் அவன் தொட்டி ஊற்றுகிற பிசினை ஊற்றிக் காயவைத்தான். தேர் நிலைக்கு வருவதற்குள் கல்லாக இறுகிவிட்டது. எண்ணெய்ச் சடையை இழுத்தேன், அச்சிலிருந்து இடியாப்பம் வழுக்கி இறங்குகிற மாதிரி வந்துவிட்டது. மற்றதை அவனும் நானும் சேர்ந்து இழுத்தும் அசையவில்லை. அங்கேயே பெயிண்ட் டப்பா மேல் உட்கார்ந்து உனக்குப் போன் போட்டேன். கொட்டுச் சத்தத்தில் உனக்குக் கேட்கவில்லையென்று, நாருக்கு எண்ணெய் வச்சது நாந்தேன் என்று மூன்று தடவை தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

இப்போது நீ அந்த நாரையே கழுவிக் காயவைத்து ஊதா வெளிச்சத்தில் வைத்து, பிளாஸ்டிக்கில் பதித்து இழுத்ததும், நார் அறுந்ததே தவிர உருவி வரவில்லை என்று சொன்னாய் பார், எனக்கு உயிரே திரும்பி வந்தது. பூச்சு அன்றைக்கும் ஒட்டத்தான் செய்தது, நார் மேலே ஒட்டாமல் என் எண்ணெய் மேலே ஒட்டியிருக்கிறது என்றாயே, அது எனக்கு நன்றாக விளங்கியது. உன் புரொபசர் சிரித்துக் கை கொடுத்து, அம்மா என்ன எண்ணெய் வைத்தார்கள் என்று கேட்டாராமே. செக்கு நல்லெண்ணெய் என்று சொல், கலப்படம் என்று நினைத்துவிடப் போகிறார். அப்பாதான் இன்னும் முறைக்கிறார், இருபத்திரெண்டு வருசப் பட்டாள சர்வீசுல ஒரு பொய் சொன்னதில்லை, என்னைப் பொய்ச் சத்தியம் பண்ண வச்சிட்டியேட்டி என்கிறார். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிக்கிறார்.

இத்துடன் புதுக் கட்டு வருகிறது. ராஜபாளையத்தில் கையுறை வாங்கிப் போட்டுக்கொண்டு, பேண்டேஜ் துணியில் சுற்றி, அப்பாவே கட்டினார், என்னை முற்றத்தைத் தாண்டி வரவிடவில்லை. தங்கப்பாண்டியன் செய்த துண்டு இரண்டும் தனிப் பையில் இருக்கிறது, புரொபசரிடம் காட்டு. நெய் கசிந்துவிடும் என்று பால்கோவா வைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு, அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோகாதே. ஆண்டாள் துணையிருந்து நீ நினைத்ததெல்லாம் கைகூட வேண்டும்.

தீபாவளிக்கு லீவு போட மறந்துவிடாதே. எண்ணெய்ப் பாட்டிலில் முக்கால்வாசி அப்படியே இருக்கிறது. நாரைத் தொடக் கூடாது என்றீர்கள், சரி, தொடவில்லை. நீ தலையைக் கொண்டுவா.

உன் எண்ணெய்க் கை அம்மா,
வெள்ளத்தாய்