பொழுது சாய்வதற்குள் விருந்து

பெங்களூர், 12-5-1964

அன்புள்ள அம்மாவுக்கு, ஸ்ரீபாலன் வணங்கி எழுதுவது. மேல்சித்தாமூரில் உனக்கும் அப்பாவுக்கும் சுகம்தானே?

முழங்கால் உடைந்து கால்பந்தாட்டத்தை விட்ட என்னை, ஆலையின் டீமுக்கு மேனேஜராக்கினார்கள் அல்லவா? நேற்று அந்த டீம் கோப்பையை ஜெயித்துவிட்டது! என்னைத் தோளில் தூக்கி மைதானத்தையே சுற்றினார்கள்.

இன்று ராத்திரி விருந்து என்றார்கள். நாம் சமணர், பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டோமே. "நீங்க சாப்பிடுங்க" என்றேன். கேப்டன் தாமஸ் விடவில்லை. "மேனேஜர் இல்லாம விருந்தா?" என்று சமையல்காரரிடம் சண்டை போட்டு, சாயங்காலத்துக்கே மாற்றிவிட்டான்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. இத்தனை வருஷம் வெளிச்சம் இருக்கும்போதே தனியாகச் சாப்பிட்டவனுக்கு அதுதான் துணையாக இருந்தது.

"பந்து இன்னா, சோறு போடுமா?" என்பாயே. இதோ, டீமே வாசலில் நின்று கத்துகிறது: "மேனேஜர், பொழுது சாயுது, சாப்பிட வாங்க!"