நனைந்த மூட்டை

அன்புள்ள அக்காவுக்கு,

உன் ஃபோன் கிடைக்கவில்லை. ஜீப் ஓட்டும் விஜயராஜ் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் மில்லிலிருந்து நான் அனுப்பிய கோழித் தீவனத்தை இனிப் போடாதே. பரிசோதனையில் சுண்ணாம்புச் சத்தெல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் கிருமி இருக்கிறதாம். முட்டையிலும் இறங்குமாம்.

மூட்டை நனைந்திருந்தது எனக்கு அப்போதே தெரியும். "காய வெச்சா இன்னா ஆவப்போவுது?" என்றார் முதலாளி. நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

பெரியவளான பிள்ளைக்குத் தினமும் பச்சை முட்டை கொடு என்று உன்னிடம் சொன்னவளும் நான்தான். "ஒங்க அக்கா பொண்ணுக்கு மூணு நாளா காய்ச்சல், வயித்தால போவுதுங்க" என்று அண்ணன் இப்போதுதான் சொன்னார்.

உடனே அவளைக் கூட்டிக்கொண்டு ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்கு வா. வாசலிலேயே நிற்கிறேன். எதனால் என்று டாக்டரிடம் நீ சொல்ல வேண்டாம். நானே சொல்கிறேன்.

உன் தங்கை