வறுத்த விதை

மார்ச் 4

டெய்லரம்மா அவர்களுக்கு,

நான் நலம். போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, எழுதுங்கள் என்றாய், எழுதுகிறேன். நீ அனுப்பிய டப்பா வந்தது. உள்ளே தர்பூசணி விதை மட்டும், ஒரு வரிகூட எழுதவில்லை. நீ கோபித்துக்கொண்டு வெளியூர் வேலைக்குப் போய் ஏழு மாதம் கழித்து விதை அனுப்பினால் நான் என்னவென்று நினைப்பது? வேலையில் லிஃப்ட் மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு வாத்தியாரைக் கேட்டேன். "விதைன்னா நடத்தானே அனுப்புவாங்க?" என்றார். மேலே வெள்ளையாக ஏதோ மருந்து தடவியிருந்தாய். கழுவிவிட்டு, பால்கனியில் கிடக்கும் உடைந்த வாளியில் நட்டிருக்கிறேன். முளைத்தால் நீ வருகிறாய் என்று நானாக ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன். சரிதானே?

உன் வீட்டுக்காரன்

மார்ச் 11

என்னங்க,

சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா? அது வறுத்த விதை! மருந்து இல்லை, உப்பு! இங்கே தையல் யூனிட்டில் மதியம் எங்களுக்குப் பழம் வெட்டித் தருகிறார்கள். என் பங்கில் இருந்த விதையை எல்லாம் சேர்த்து, அயர்ன் டேபிள் ஓரத்தில் காயவைத்து, வறுத்து அனுப்பினேன். பழத்தோடு விதையையும் கடித்துத் தின்னுகிற ஆள் நீங்கள்தானே.

"நல்லாயிருக்கு" என்று ஒரு வார்த்தை எழுதுவீர்கள் என்று பார்த்தேன். பதினொரு வருஷம் ஆக்கிப் போட்டும் உங்கள் வாயிலிருந்து வராத வார்த்தை. அந்தக் கோபத்தில்தானே கிளம்பி வந்தேன். அதையும் மண்ணில் புதைத்துவிட்டீர்கள். முளைக்காது. வாளியைக் காலி செய்யுங்கள்.

இன்னொரு வருஷம் இங்கேயே வேலை செய்யக் கையெழுத்துக் கேட்கிறார்கள். மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும்.

டெய்லர்

மார்ச் 22

டெய்லரம்மா,

முளைத்துவிட்டது! வாளியைக் காலி செய்ய மனசு வரவில்லை. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வறுத்தது எப்படி முளைக்கும்? நீ சரியாக வறுக்கவில்லையா? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நம்ப மாட்டாய் என்று ஒரு இலையைக் கிள்ளி உள்ளே வைத்திருக்கிறேன்.

கையெழுத்துப் போட்டுவிட்டாயா? நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. முதல் கடிதத்திலேயே இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். விதையைப் பற்றி எழுதிவிட்டேன்.

உன் வீட்டுக்காரன்

மார்ச் 29

என்னங்க,

இலை வந்தது. தர்பூசணி இலை விரல் விரித்த மாதிரி பிளந்திருக்கும். இது வட்டமாக இருக்கிறது. பூசணி. நான் காய்கறிக் குப்பை கொட்டிய வாளி அது, மறந்துவிட்டீர்களா? என் விதை இல்லை என்று தெரியாமல் எழுதினீர்களா, தெரிந்தே எழுதினீர்களா, எனக்கு விளங்கவில்லை.

நேற்று சூப்பர்வைசரம்மா பேப்பரை நீட்டினார். "என்னம்மா, போடுறியா இல்லையா?"

"வீட்டுல கொடி வந்திருக்கு மேடம், கயிறு கட்டணும்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே புரியவில்லை. பேப்பர் அவர் கையிலேயே இருக்கிறது.

ஞாயிறு காலை பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நில்லுங்கள். இன்னொரு டப்பா வறுத்துக் கொண்டுவருகிறேன். அங்கேயே நின்று தின்றுவிட்டு, எப்படி இருக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் வீட்டுக்கு வருவேன்.

உங்கள் டெய்லரம்மா