இடது கைக் கொப்புளம்

ஆம்பூர்,
மாசி, 1932

மாமாவுக்கு அமிர்தவள்ளி வணங்கி எழுதுவது. நானும் குழந்தையும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். சுகமாக இல்லை.

உங்கள் கடுதாசி கிடைத்தது. ஆற்றங்கரைப் பெருநோய்க் கொட்டகையில் நோயாளிகள் ஜாஸ்தியாம், இனி வீட்டுக்கு வர முடியாதாம், நானும் குழந்தை சௌந்தரமும் அங்கே வரக்கூடாதாம். தெருக்காரர்களுக்கு ஒரே சந்தோஷம். சேரி ஜனங்களை நம் வீட்டு பெஞ்சில் உட்காரவைத்து வைத்தியம் பார்த்தீர்கள் என்று நம் வாசலை மிதிக்காமல் நின்றவர்கள், டாக்டர் தன் பெண்டாட்டியையும் தள்ளிவைத்துவிட்டார் என்று பேசுகிறார்கள். பேசட்டும், வேறு வேலை ஏது!

எனக்கும் முதலில் கோபம்தான். பிறகு பொங்கலன்று நடந்தது நினைவுக்கு வந்தது. நான் கிளறும்போது அடுப்பில் வெண்கலப் பானை சாய்ந்தது. சட்டென்று இடது கையால் பிடித்துக்கொண்டீர்கள். பிடித்தபடியே, தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் விழுந்து கால் வெந்துபோனவனைப் பற்றிக் கம்பவுண்டர் ஜான் பாஷாவோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். ஐயோ என்று கத்தினது நான்தான். கொப்புளத்தைப் பார்த்தீர்கள், அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். மடியில் ஏற வந்த குழந்தையைத் தள்ளி நிறுத்தினீர்கள். சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டீர்கள்.

பெருநோய்க்காரர்களைக் கண்ணை மூடச் சொல்லி, குண்டூசியால் தொட்டு, தெரிகிறதா தெரிகிறதா என்று நீங்கள் கேட்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன்! நான் டாக்டருக்குப் படிக்கவில்லை, குருடியும் இல்லை. அன்றைக்கு அந்தச் சூடு உங்கள் கைக்குத் தெரியவில்லை. நேற்று மருந்து வாங்க வந்த ஜான் பாஷாவைக் கேட்டேன். அல்லாமேல் ஆணை, எனக்கொன்றும் தெரியாது அம்மா என்றான். சொல்லும்போதே அழுதுவிட்டான். அவனைத் திட்டாதீர்கள்.

இந்த நோய் வந்ததென்று கோவிந்தம்மாளை அவள் புருஷன் பெருமாள் மாட்டுக்கொட்டகையில் தள்ளினானே, மறந்துவிட்டீர்களா? இவள் கையால் இத்தனை வருஷம் சாப்பிட்டவன்தானே நீ, இப்போது என்ன வந்துவிட்டது என்று சேரி நடுவில் நின்று கேட்டீர்கள். அவள் கரைத்த கூழை எல்லார் எதிரிலும் வாங்கிக் குடித்தீர்கள். மறுநாளே அவன் அவளை வீட்டுக்குள் அழைத்துக்கொண்டான். அந்தப் பெருமாளுக்கு இருந்த மனசு எனக்கு இருக்காது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? உங்களை நீங்களே கொட்டகையில் தள்ளிக்கொள்ள யார் சொன்னது? அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

குழந்தை விஷயத்தில் உங்கள் பயம் நியாயம். அவளை ஆற்காட்டில் அக்கா வீட்டில் விடப்போகிறேன். பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, உன் புடவை எங்கே அம்மா என்று கேட்கிறாள். பெட்டியை மூடிப் பூட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை தனியாக வருகிறேன். வேண்டாமென்று எழுதினால் அந்தக் கடுதாசியை வாங்கமாட்டேன். நீங்கள் நோயாளிகளுக்குப் போடுகிற நீரடிமுத்து எண்ணெய் ஊசியை உங்களுக்கு ஜான் பாஷா போடட்டும், சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். கெங்கையம்மன் உங்களைக் காப்பாற்றட்டும்.

நான் வருகிறவரைக்கும் அடுப்புப் பக்கம் மட்டும் போகாதீர்கள், மாமா.

உங்கள்
அமிர்தவள்ளி