ஆயிரம் அடிக்குக் கீழே

1958 ஜூன் 9

இன்றும் சரவெடி பின்னினேன். நூல் அறுத்து விரல் எரிகிறது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் அண்ணன் விமானச் சட்டப் புத்தகத்தை என் மடியில் வைத்தான். "கேள்வி கேளு பூரணி."

கொழும்பில் வாங்கிய பைலட் லைசென்ஸ் இங்கே செல்லாதாம். சென்னையில் டாக்டர் பார்க்க வேண்டும், இந்தியச் சட்டத்தில் பரீட்சை, அப்புறம் பறந்து காட்ட வேண்டும். நான் எட்டாவதோடு நின்றவள். இங்கிலீஷை எழுத்துக்கூட்டித்தான் கேட்கிறேன். அவன் சிரிப்பதில்லை.

கிடைத்துவிட்டால் சென்னையில் விமானம் ஓட்டப் பழக்கும் கிளப்பில் வேலை. என்னையும் கூட்டிப்போய் ஒன்பதாவதில் சேர்ப்பானாம்.

ஜூலை 2

"ஊருக்கு மேல எம்புட்டு உயரம்?"

"ஆயிரம் அடிக்குக் கீழ வரக்கூடாது."

அவன் தப்பே விடவில்லை. எனக்குத்தான் கண் சொருகியது.

ஆகஸ்ட் 14

பரீட்சை பாஸ். கண், காது எல்லாம் சரியாம். மதுரை வரை தனியாக ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி. அம்மா சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை போட்டாள்.

"மதுரையில இருந்து இங்கன ஒரு எட்டுதானே. வந்து தலையக் காட்டுறேன், பாரு" என்றான். விளையாட்டுக்குத்தான் சொல்கிறான்.

செப்டம்பர் 3

தீபாவளி ஆர்டர். ஞாயிறும் வேலை. தூக்கம், தூக்கம்.

செப்டம்பர் 18

மத்தியானம் தலைக்கு மேலே இடி மாதிரி ஒரு சத்தம். எங்கள் பட்டாசுக் கம்பெனியில் சேர்ந்த அன்றைக்கே சொல்லிவிடுவார்கள்: சத்தம் கேட்டால் நின்று பார்க்காதே, ஓடு. அத்தனை பேரும் ஓடினோம். வேப்பமரத்தடியில் குப்புற விழுந்து காதைப் பொத்திக்கிட்டேன். என் பக்கத்தில் பின்னுகிற ராமுத்தாயக்கா வாசப்படியில விழுந்து கை ஒடிஞ்சிருச்சு. அடுத்த ஷெட்டில் வெடிமருந்துத் தட்டு கொட்டிருச்சு. ஒரு பொறி பட்டிருந்தா?

எழுந்தபோது சத்தம் போய்விட்டது. கூரையை ஒட்டிப் பறந்த ஏரோப்பிளேன் என்றார்கள். அண்ணன் மதுரைக்கு ஓட்டிக் காட்டுகிற நாள் இன்றைக்குத்தான்.

ஏண்ணே? ஆயிரம் அடின்னு நீதானே சொன்ன?

செப்டம்பர் 21

அண்ணன் வந்தான். ராமுத்தாயக்கா கை ஒடிந்ததைச் சொன்னேன். நேரே ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சாப்பிடவில்லை. "கம்பெனிக்காரங்க புகார் குடுக்குறதுக்குள்ள நானே கிளப்புல சொல்லிருதேன்" என்றான். அம்மா, "ஒம் இஷ்டம்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அக்டோபர் 30

லைசென்ஸ் இல்லை என்று பதில் வந்தது. புத்தகத்தைப் பரணில் போட்டான். ஒன்பதாவது பற்றி அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 12

அண்ணன் சாத்தூரில் தீப்பெட்டி லாரி ஓட்டுகிறான். வந்தால் பாதிச் சோற்றைத் தட்டிலேயே வைத்துவிடுவான்.

ராமுத்தாயக்கா கட்டுப் பிரித்து இன்றைக்கு வேலைக்கு வந்தாள். "ஏட்டி, ஒங்கண்ணன இன்னொரு தடவ வரச் சொல்லு. கைய ஒடிச்சும் ஏரோப்பிளேன் வாலக்கூடப் பாக்கலையே நானு!" எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சாயங்காலம் அண்ணன் தட்டைப் பார்த்தபடியே கேட்டான். இத்தனை நாளில் அன்றைக்கு நடந்ததைப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஒனக்காகத்தான் இறக்கைய ஆட்டுனேன். பாத்தியா?"

நான் பார்த்தது வேப்பமரத்தடி மண்ணை.

"பாத்தேண்ணே. இந்தப் பக்கம் ஒருக்கா, அந்தப் பக்கம் ஒருக்கா சாஞ்சுச்சு."

அண்ணன் அம்மாவிடம், இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னான்.