முதல் விருப்பம்

அன்பு மகளே,

கல்லூரியில் எதை எடுத்துப் படிக்கலாம் என்று கேட்டிருந்தாய். எந்த முகத்தோடு யோசனை சொல்வேன்?

உன் அண்ணனின் பல்கலைக்கழக இணைய விண்ணப்பத்தில் வரலாறுதான் முதல் விருப்பமாக இருந்தது. அவன் குளிக்கப் போன நேரத்தில் நான் அதைக் கீழே இறக்கி, பொறியியலை மேலே ஏற்றிவிட்டேன். உன் அம்மாவுக்குக்கூடத் தெரியாது.

இடம் கிடைத்த அன்று, "நான்தான் அவசரத்துல தப்பா போட்டுட்டேன் போலப்பா" என்று அழுதான். "பரவாயில்லடா, விடு" என்றேன்.

அவன் நம்மை விட்டுப் போன பிறகு விடுதியிலிருந்து வந்த பெட்டியில், பொறியியல் புத்தகங்கள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன.

உனக்குப் பிடித்ததைப் படி. கடவுச்சொல்லை மட்டும் என்னிடம் சொல்லிவிடாதே.

கடைசியாகப் போனில் பேசியபோதும் அந்தத் தவறுக்காக என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நானும் மன்னித்துவிட்டேன், மகளே.

வேறு யாரிடமும் சொல்ல முடியாத,
அப்பா